பாரம் போட்டால்தானே பதில் வரும்



கிள்ளானில் ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இரவு எட்டு மணி. அப்பா வேலை முடிந்து வந்து சாப்பிட உட்காருகிறார். மகள் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து ஏழு மாதமாகிறது. கையில் பட்டம் இருக்கிறது. பகுதிநேரமாக ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். சோற்றைப் பரிமாறிக்கொண்டே மெதுவாகக் கேட்கிறாள்.

"அப்பா, அரசாங்க வேலைக்குப் பாரம் போடலாம்னு இருக்கேன்பா. பரீட்சை எழுதணுமாம்."

"ஏம்மா வீணா அலையறே? அதெல்லாம் நமக்குக் கொடுக்கமாட்டாங்கம்மா. தனியார்ல ஏதாச்சும் பாரு."

பேச்சு அவ்வளவில் முடிகிறது. அந்தப் பாரம் அன்றிரவு நிரப்பப்படுவதில்லை. மறுநாளும் நிரப்பப்படுவதில்லை.

இந்த உரையாடல் ஒரு வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும், செந்தோசா, பண்டமாரான் போன்ற இடங்களிலும், பழைய தோட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் வாழும் குடியிருப்புகளிலும் இதே சொற்கள் கேட்கின்றன. அந்த அப்பா சொல்வது சரியா, தவறா? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். பாதி சரி, பாதி தவறு என்பதே நேர்மையான பதில். சரியான பாதியை மறைத்துவிட்டு இளைஞர்களுக்கு அறிவுரை சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். ஆகவே முதலில் அதையே பார்த்துவிடலாம்.

அப்பா சொல்வதில் உள்ள உண்மை

ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் உயர் நிர்வாகப் பதவிகளுக்கு லண்டனில் தேர்வு நடந்தது. 1904ஆம் ஆண்டு ஒரு விதி வந்தது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் கலப்பற்ற ஐரோப்பிய வம்சாவளியினர் மட்டுமே அந்தத் தேர்வை எழுதலாம் என்றது அவ்விதி. பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா ஆசிரமம் எழுந்த அதே ஆண்டு அது. எத்தனை படித்திருந்தாலும் ஆசியர்கள் அந்தத் தேர்வு மண்டபத்துக்குள் கால் வைக்க முடியாது.

1953ஆம் ஆண்டில்தான் மலாயா சிவில் சேவை மலாய்க்காரர் அல்லாத குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதுவும் நான்கு மலாய்க்காரர்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தில். சுதந்திரத்துக்குப் பின் வந்த கூட்டரசு அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு, பொதுச் சேவையில் மலாய்க்காரர்களுக்கு நியாயமான அளவு இடங்களை ஒதுக்க இடமளிக்கிறது. மலேசியா உருவான பின் சபா, சரவாக் பூர்வகுடியினரும் அதில் சேர்க்கப்பட்டனர். இது ஒளிவுமறைவில்லாத சட்டம்.

எண்ணிக்கையும் நமக்குத் தெரிய வேண்டும். 2014ஆம் ஆண்டு இறுதியில் அரசாங்க ஊழியர்களில் இந்தியர்கள் 4.1 விழுக்காட்டினர். நாட்டுக் குடிமக்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர். இந்த இடைவெளி அரசாங்கத்துக்குத் தெரியாததன்று. 2017 ஏப்ரலில் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம், அரசாங்கச் சேவையில் இந்தியர்களின் பங்கை 7 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக எழுதி வைத்தது.

ஆக, கிள்ளான் அப்பாவின் மனக்குறை கற்பனையன்று. அதற்கு வரலாறும் இருக்கிறது, எண்ணிக்கையும் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் சொல்லும் பாடம்

இனி மறுபாதிக்கு வருவோம். அதற்கும் பிரிக்பீல்ட்ஸ்தான் சாட்சி.

ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் என்றாலே ரயில்வே ஊழியர்களும் அரசாங்கக் கிராணிமார்களும் வாழும் இடம் என்று பொருள். 1915இல் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்னும் நூறு வீடுகளில் ரயில்வே, அரசாங்க ஊழியர்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. அந்த வீடுகள் இப்போது இல்லை. ஆனால் அந்தக் கிராணிமார்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. அவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அங்கிருந்த மிஷனரிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றிருந்தார்கள். மலாயாவின் அலுவலகங்கள் ஆங்கிலத்தில் இயங்கின. ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு வேலை கிடைத்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கு அந்த மொழி கிடைக்கவில்லை. ஆகவே அவர் மகனுக்கு அந்த நாற்காலியும் கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னும் இந்த வரிசை தொடர்ந்தது. நிதியமைச்சில் துணைத் தலைமைச் செயலாளராகவும் பின்னர்ப் போக்குவரத்து அமைச்சின் தலைமைச் செயலாளராகவும் உயர்ந்த டான்ஸ்ரீ ரேமன் நவரத்தினம் போன்றவர்கள் அந்தத் தலைமுறையினர்.

பிறகு என்ன ஆயிற்று? 1967இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. 1970இல் முதலாம் ஆண்டில் தொடங்கி, ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. நிர்வாகத்தின் மொழி மாறியது. மொழி மாறியபோது தங்களை மாற்றிக்கொண்ட வீடுகள் உண்டு. மாற்றிக்கொள்ளாமல், "நம்ம காலம் போச்சு" என்று ஒதுங்கிய வீடுகளும் உண்டு.

எந்தக் காலத்திலும் அலுவலகம் எந்த மொழியில் இயங்குகிறதோ அந்த மொழியில் எழுதத் தெரிந்தவருக்கே அலுவலகத்தில் இடம். அன்று ஆங்கிலம். இன்று மலாய், அதற்குத் துணையாக ஆங்கிலம். அரசாங்கத் தேர்வுக்குத் தயாராவது என்பதன் பெரும்பகுதி இதுதான்.

விண்ணப்பிக்காதவரை யாரும் நிராகரிக்க முடியாது

1957இல் நாடு சுதந்திரமடைந்தபோதே அரசியலமைப்பின் 139ஆவது பிரிவின்கீழ் பொதுச் சேவை ஆணையம் அமைந்தது. எஸ்.பி.ஏ. என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த ஆணையம் வீடு வீடாக வந்து ஆள் தேடாது. பதிவு செய்தவர்களின் பட்டியலிலிருந்துதான் தேர்வுக்கு அழைக்கும். தேர்வில் தேறியவர்களிலிருந்துதான் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும். பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு அநீதி நடந்ததா இல்லையா என்று சொல்லவும் வழியில்லை.

மலாய்க்காரர் அல்லாதவர்களிடமிருந்து வரும் விண்ணப்பங்கள் குறைவு என்று அதிகாரிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். "கொடுக்கமாட்டார்கள், அதனால் போடவில்லை" என்கிறது சமூகம். "போடவில்லை, அதனால் கொடுக்க ஆளில்லை" என்கிறது அலுவலகம். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கின்றன. இந்த வட்டத்தை உடைக்க நம் கையில் இருக்கும் ஒரே கருவி அந்தப் பாரம்தான். ஆயிரம் பேர் தகுதியோடு விண்ணப்பித்து, தேர்வெழுதி, அதன்பின் எண்ணிக்கை உயரவில்லை என்றால் அப்போது கேட்கும் கேள்விக்கு வலு இருக்கும். அரசியலமைப்பின் 136ஆவது பிரிவு, ஒரே தரத்தில் பணிபுரியும் கூட்டரசு ஊழியர்கள் எந்த இனத்தவரானாலும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டவும் முதலில் சேவைக்குள் ஆள் வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

பலர் தவறான கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். எல்லா அரசாங்க வேலைக்கும் எஸ்.பி.ஏ. பொறுப்பன்று. ஆசிரியர்களை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம். காவல் துறைக்குத் தனி ஆணையம். இராணுவத்துக்குத் தனி. மாநகர் மன்றங்களும் அரசாங்கச் சார்பு நிறுவனங்களும் பொதுப் பல்கலைக்கழகங்களும் தாங்களே விளம்பரம் செய்து ஆளெடுக்கின்றன. கிள்ளான் அரச மாநகர் மன்றத்தில் வேலை வேண்டுமானால் அதன் விளம்பரத்தைத்தான் கவனிக்க வேண்டும். குடிநுழைவுத் துறை, சுங்கத் துறை, தேசியப் பதிவுத் துறை, அமைச்சுகளின் நிர்வாகப் பணி, மருத்துவமனைப் பணிகள் போன்றவற்றுக்கு எஸ்.பி.ஏ.வின் விளம்பரங்களைப் பார்க்க வேண்டும்.

பதிவு இணையத்தில் நடக்கிறது. கட்டணம் கிடையாது. பதினெட்டு வயது நிறைந்த மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். பதிவு என்றென்றைக்கும் செல்லாது. அது காலாவதியாகும் நாளைக் குறித்து வைத்து, அதற்கு முன் புதுப்பிக்க வேண்டும். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டேன், ஒண்ணும் வரலே" என்பவர்களில் சிலருடைய பதிவு எப்போதோ காலாவதியாகியிருக்கும். கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிவிட்டு, பதிவில் மாற்றாமல் விட்டவர்களும் இருப்பார்கள். அழைப்பு பழைய எண்ணுக்குப் போயிருக்கும்.

அடுத்தது எஸ்.பி.எம். சான்றிதழ். நிர்வாக, அரசதந்திர அதிகாரி எனப்படும் பி.டி.டி. பதவிக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். அதோடு எஸ்.பி.எம். மலாய்மொழிப் பாடத்தில் கிரெடிட் வேண்டும். பட்டத்தில் முதல் வகுப்பு வாங்கியிருந்தாலும் மலாய்மொழியில் கிரெடிட் இல்லையென்றால் கதவு திறக்காது. அப்படிப்பட்டவர்கள் மனமுடைந்து போக வேண்டாம். மலாய்மொழித் தாளை மட்டும் மீண்டும் எழுதும் வாய்ப்பு இருக்கிறது. இருபத்து நான்கு வயதில் எஸ்.பி.எம். தாள் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்தபின் பதவிகளின் குறியீடுகளும் மாறிவிட்டன. முன்பு எம்41 என்றிருந்த பி.டி.டி. தரம் இப்போது எம்9. பழைய குறிப்பேட்டையோ அண்ணன் வைத்திருந்த பழைய வழிகாட்டிப் புத்தகத்தையோ பார்த்துக் குழம்ப வேண்டாம்.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

பி.டி.டி. பதவிக்கு மூன்று படிகள். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு மதிப்பீட்டு மையம். அதிலும் தேறியவர்களுக்கு எஸ்.பி.ஏ. நேர்முகத் தேர்வு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இந்தான் எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகத்தில் பயிற்சி பெறுகிறார்கள். அதன் தலைமை வளாகம் கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் இருக்கிறது. மற்றப் பதவிகளுக்குப் படிகள் குறையலாம். ஆனால் சோதிக்கப்படுவது பெரும்பாலும் நான்கு திறன்கள்: பொது அறிவு, சிக்கலைத் தீர்க்கும் திறன், மலாய்மொழி, ஆங்கிலம்.

பொது அறிவை மனப்பாடம் செய்ய முடியாது. ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு அதன் வேர்வரை போகப் பழக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. 2025 அக்டோபர் 26ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த உச்சநிலை மாநாட்டில் திமோர் லெஸ்தே ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடானது. செய்தியைப் படித்து முடித்ததும் தாளை மடித்துவிடக் கூடாது. ஆசியான் எப்போது, எங்கே தொடங்கியது? 1967 ஆகஸ்டு 8, பேங்காக்கில். தொடங்கிய ஐந்து நாடுகள் எவை? மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து. பத்தாவதாகச் சேர்ந்த நாடு எது? 1999இல் கம்போடியா. தலைமைச் செயலகம் எங்கே? ஜகார்த்தாவில். திமோர் லெஸ்தேயின் தலைநகர் எது? டிலி. ஒரு செய்தியிலிருந்து ஐந்து கேள்விகள். நாளுக்கு ஒரு செய்தி என்றால் ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு கேள்விகளுக்கு மேல் கைவசம் இருக்கும்.

இதே முறையில் அரசியலமைப்பு, ஒன்பது மலாய் ஆட்சியாளர்களிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறிவரும் மாமன்னர் பதவி, 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவான வரலாறு, 1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள், 13ஆவது மலேசியத் திட்டம் ஆகியவற்றையும் படிக்க வேண்டும்.

சிக்கல் தீர்க்கும் பகுதிக்குப் பெரிய கணித அறிவு தேவையில்லை. நிதானம் தேவை. ஒரு மாதிரிக் கணக்கு இதோ. ஓர் அலுவலகத்துக்கு 240 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 15 விழுக்காடு முழுமையற்றவை என்று ஒதுக்கப்பட்டன. எஞ்சியவற்றை ஓர் அதிகாரி நாளுக்கு 34 வீதம் பார்க்கிறார். எத்தனை நாளாகும்? 240இல் 15 விழுக்காடு 36. எஞ்சியது 204. அதை 34ஆல் வகுத்தால் 6 நாள். இதுவரை எளிது. இப்போது கேள்வியைச் சற்றுத் திருப்புவார்கள். இரண்டாவது நாளிலிருந்து அதே வேகத்தில் இன்னோர் அதிகாரியும் சேர்ந்தால்? முதல் நாளில் 34 முடியும். மீதி 170. இருவரும் சேர்ந்து நாளுக்கு 68. ஆக, நான்காம் நாள் நண்பகலில் வேலை முடியும். அவசரப்படுபவர் 6ஐ இரண்டால் வகுத்து 3 என்று எழுதிவிடுவார். இப்படித்தான் மதிப்பெண் போகிறது.

பேசும் மலாயும் எழுதும் மலாயும்

நம் இளைஞர்கள் பலர் இடறி விழும் இடம் மலாய்மொழிக் கட்டுரை. "எனக்கு மலாய் நல்லா வருமே" என்பார்கள். வருவது பேச்சு மலாய். பசாரில், பள்ளித் திடலில், மாமாக் கடையில் பேசும் மொழி அது. அங்கே 'சாயா பூஞா ரூமா' என்றால் யாரும் தவறு சொல்லமாட்டார்கள். தேர்வுத் தாளில் 'ரூமா சாயா' என்று எழுத வேண்டும். 'தாக்' என்று பேசுவதை 'தீடாக்' என்றும், 'நாக்' என்று பேசுவதை 'ஹெண்டாக்' என்றும் எழுத வேண்டும். வினைச்சொற்களின் முன்னொட்டுகளையும் பின்னொட்டுகளையும் விட்டுவிட்டால் கருத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண் குறையும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர்கள் இதில் பின்தங்குவார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, பின்னர் மலாய்மொழியில் பல்கலைக்கழகப் பாடம் எழுதித் தேறியவர்கள் எத்தனையோ பேர். பயிற்சிதான் வேறுபாடு. வாரம் ஒரு கட்டுரை. தட்டச்சு செய்யக் கூடாது, கையால் எழுத வேண்டும். தன்னிச்சையாக எழுதினால் போதாது, கடிகாரத்தை முன்னால் வைத்து எழுத வேண்டும். எழுதியதை அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒரு மலாய்மொழி ஆசிரியரிடம் காட்டித் திருத்தச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் குடியிருப்புகளில் இல்லாமலில்லை. கேட்டால் மறுக்கமாட்டார்கள். கேட்பவர்தான் குறைவு.

நேரத்துக்கு எங்கே போவது என்று சிலர் கேட்பார்கள். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கம்யூட்டர் ரயிலில் வேலைக்குப் போகிற இளைஞருக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமாகிறது. போக வர இரண்டு மணி. வாரத்துக்கு ஐந்து நாளில் பத்து மணி. ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய 360 மணி நேரம். காலைப் பயணத்தில் ஒரு மலாய் நாளிதழின் தலையங்கம், மாலைப் பயணத்தில் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கம் என்று வைத்துக்கொண்டால் போதும். தெரியாத சொல்லைக் குறித்துக்கொள்ள ஒரு சிறு குறிப்பேடு. இதற்கு வகுப்புக் கட்டணம் எதுவும் இல்லை.

கட்டணம் என்றதும் ஓர் எச்சரிக்கை. "எனக்கு மேலிடத்தில் ஆள் தெரியும், இத்தனை ஆயிரம் ரிங்கிட் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன்" என்று வருபவர்களிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஆணையம் விண்ணப்பத்துக்குப் பணம் வாங்குவதில்லை. இடத்தை விற்பதாகச் சொல்பவர் உங்களுக்கு விற்பது உங்கள் ஆசையைத்தான்.

மௌனமாக இருப்பவர் தேறுவதில்லை

எழுத்துத் தேர்வில் தேறி மதிப்பீட்டு மையத்தில் தோற்பவர்களும் உண்டு. அங்கே உடல் தகுதி பார்க்கப்படுகிறது. மேடையில் பேசச் சொல்வார்கள். குழுவாக விவாதிக்கச் சொல்வார்கள். குழுவில் தெரியாத முகங்கள் இருக்கும். பெரும்பாலோர் மலாயில் சரளமாகப் பேசுவார்கள். நம் பிள்ளைகளில் சிலர் அடக்கம் என்று எண்ணி வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் எல்லாரையும் முந்திக்கொண்டு பேசி, மற்றவரைப் பேசவிடாமல் செய்துவிடுகிறார்கள். இரண்டும் குறைதான். பிறர் சொன்னதைக் காதில் வாங்கி, அதிலிருந்து ஓர் அடி முன்னே எடுத்துச் செல்பவரையே நிர்வாகம் தேடுகிறது.

இதற்கு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து தயாராக முடியாது. தமிழ்நாட்டில் இதை ஒரு பண்பாடாகவே வளர்த்திருக்கிறார்கள். 1929இலேயே சென்னை மாகாணத்தில் இந்தியாவின் முதல் மாகாணத் தேர்வாணையம் அமைந்தது. இன்று அங்கே நூலகங்களிலும் பூங்காக்களிலும் இளைஞர்கள் நான்கைந்து பேராகக் கூடி ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் படிப்பதைக் காணலாம். 2023இல் தமிழ்நாடு அரசு 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாக ஆயிரம் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, மத்திய அரசுத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. நம் நாட்டுச் சூழல் வேறு. ஆனால் ஐந்து பேர் கூடிப் படிப்பதற்கு அரசாங்கத் திட்டம் தேவையில்லை. கோயில் மண்டபம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி வகுப்பறை சனிக்கிழமை பிற்பகலில் பூட்டிக் கிடக்கிறது. இளைஞர் மன்றங்கள் காற்பந்துக்கும் கலைநிகழ்ச்சிக்கும் ஒதுக்கும் நேரத்தில் மாதம் இரண்டு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். விவாதத்தை மலாயில் நடத்த வேண்டும். முடிந்தால் மலாய், சீன நண்பர்களையும் அழைக்க வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் அவர்களோடுதானே பணியாற்றப் போகிறோம்?

எதற்காக இந்த வேலை?

முன்பு இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்வார்கள்: பென்ஷன். இப்போது அந்தப் பதில் பொருந்தாது. 2024 பிப்ரவரி முதல் தேதிக்குப் பின் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை. அவர்களுக்கும் சேமநிதிதான். ஆகவே "பென்ஷன் வேலை" என்று மட்டும் சொல்லிப் பிள்ளையைத் தள்ளினால் அது பழைய கதையாகிவிடும்.

வேறு காரணம் இருக்கிறது. நம் சமூகத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாமலும் அடையாள அட்டை இல்லாமலும் தவிக்கும் குடும்பங்களை எல்லாருக்கும் தெரியும். 2011இல் அதற்காகவே 'மைடாஃப்தார்' என்ற பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. தோட்டத்தில் பிறந்து, பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாததால் பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் நிற்கும் ஒரு பாட்டி முகப்பில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மலாய் அரைகுறை. முகப்பின் அந்தப் பக்கத்தில் இருப்பவர் எந்த இனத்தவரானாலும் நல்லவராக இருக்கலாம். பலர் பொறுமையாக உதவுகிறார்கள். ஆனால் பாட்டி சொல்லும் தோட்டத்தின் பெயரும், அங்கே மருத்துவச்சி பார்த்த பிரசவமும், தாலி கட்டியதே திருமணம் என்று நம்பிய காலமும் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் அந்தப் பாட்டி மூன்று முறை அலைய வேண்டிய இடத்தில் ஒருமுறை வந்தால் போதும். அவருக்குச் சலுகை காட்ட வேண்டியதில்லை. அவர் சொல்வது புரிந்தால் போதும்.

மேல்மட்டத்திலும் அப்படித்தான். ஒரு திட்டத்தின் முதல் வரைவை எழுதுவது அமைச்சர் அல்லர், அதிகாரி. அந்த மேசையில் நம் குடியிருப்புகளை அறிந்த ஒருவர் இருந்தால், தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பம் என்று ஒரு வகையினர் இருக்கிறார்கள் என்பது வரைவிலேயே இடம்பெறும். பிறகு மனுக்கொடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை.

அந்தக் கிள்ளான் வீட்டுக்குத் திரும்புவோம். அப்பா கெட்ட எண்ணத்தில் தடுக்கவில்லை. மகள் ஆசைப்பட்டு ஏமாறக் கூடாதே என்ற பாசத்தில்தான் தடுத்தார். அதே பாசத்தை வேறு விதமாகவும் காட்டலாம். "போட்டுப் பாரும்மா. கிடைச்சா நல்லது, கிடைக்கலேன்னா அடுத்த தடவை எழுது. நாளைக்கு வரும்போது மலாய்ப் பேப்பர் ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லலாம். ஒரு நாளிதழின் விலை சில ரிங்கிட்தான்.

தேர்வு எழுதும் எல்லாருக்கும் வேலை கிடைக்காது. முதல் முறையில் தேறாதவர்களே அதிகம். ஆனால் ஓராண்டு முறையாகத் தயாரான இளைஞர் அந்த ஆண்டை இழப்பதில்லை. பிழையில்லாமல் எழுதவும், கூட்டத்தில் பேசவும், நாட்டின் சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் கற்றிருப்பார். தனியார் நிறுவனமும் இதைத்தான் கேட்கிறது.

நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் இன்றிரவே மூன்று காரியங்களைச் செய்யலாம். எஸ்.பி.எம். சான்றிதழை எடுத்து மலாய்மொழி மதிப்பெண்ணைப் பார்க்கலாம். எஸ்.பி.ஏ. பதிவு இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று சரிபார்க்கலாம். நாளை எந்தச் செய்தியிலிருந்து ஐந்து கேள்விகள் எழுதுவது என்று முடிவு செய்யலாம். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிள்ளை பாரத்தைப் பற்றிக் கேட்கும்போது, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப உதவுங்கள்.